கடைசி ஆள் வெளியேறும்வரை

ஜூலை 7, ஞாயிறு

காலை ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையின் டேட்டாபேஸைப் படுக்க வைத்துவிட்டேன். தரவு எதுவும் அழியவில்லை. ஆனால் எழுந்திருக்க மறுத்துவிட்டது.

டேட்டாபேஸ் எழும்போது முதலில் ஒரு சின்னக் கோப்பைப் படிக்கும். எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்வது, தரவுகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதைக் கையால் திறந்து திருத்தக் கூடாது. டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுத்தால் அதுவே திருத்திக்கொள்ளும். இது எனக்குத் தெரியும், உதவியாளன் நஜீபுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இன்று அவசரத்தில் சாதாரண எடிட்டரில் திறந்து, ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சேமித்தேன். அணைத்து ஏற்றினேன். கோப்பைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. மறுபடியும் ஏற்றினேன். அதே வரி.

தரவுகளுக்குத் தினமும் பேக்கப் எடுக்கிறோம். இந்தக் கோப்புக்கு எடுப்பதில்லை. யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வார்டுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சர்வர் அறை முன்பு எக்ஸ்ரே அறையாக இருந்தது. கதவில் ஈயத்தகடு பதித்திருக்கிறது. உள்ளே செல்போன் எடுக்காது, சுவரில் இருக்கும் பழைய இன்டர்காம் மட்டும்தான். அது ஓயாமல் அடித்தது. எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்த ஸ்டீபன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். அவர் விட்டுப்போன கோப்புறையைக் குடைந்ததில் அதே பெயரில், எழுத்தாகப் படிக்கக்கூடிய ஒரு பழைய கோப்பு கிடைத்தது. அதைக் கொடுத்தேன். டேட்டாபேஸ் எழுந்துவிட்டது.

நஜீப் கைதட்டினான். கேன்டீனில் போய் இட்லி சாப்பிட்டேன். வெளியே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனி.

திரும்பி வந்தபோது இன்டர்காமில் லிங்கம்மா சிஸ்டர். மூன்றாம் வார்டின் தலைமை நர்ஸ். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"ஹெப்சிம்மா, மூணாம் வார்டுல யார் யார் இருக்காங்கன்னு உன் ஸ்கிரீன்ல பாத்துச் சொல்லேன்."

"ஏன் சிஸ்டர், பேர் வரலையா?"

"வருது. எல்லாப் பெட்டுக்கும் பேர் வருது. ஆனா இங்க படுத்திருக்கவங்க பேர் ஒண்ணும் இல்ல." குரலை இன்னும் தாழ்த்தினார். "இதுல வர்றவங்கள்ல நெறையப் பேரு தவறிட்டாங்கம்மா. நானே துணி மூடி அனுப்பினவங்க."

பட்டியலைத் திறந்தேன். ஆறாம் படுக்கை, வேலாயி. ஒன்பது, ஓபேது. பதினொன்று, சகாயமேரி. எல்லோருக்கும் வெப்பநிலை, நாடித்துடிப்பு, காலை உணவு. எல்லாம் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூலை.

எனக்குப் புரிந்துவிட்டது. நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்க ஸ்டீபன் அப்போது ஒரு நகல் எடுத்திருக்கிறார். அந்தப் பழைய கோப்பு காட்டிய இடம் அந்த நகல். பேர் ஒன்று, ஆள் வேறு. காலையிலிருந்து முழு மருத்துவமனையும் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு நாளில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

சரியானதை மாலைக்குள் மீட்டேன். ஒவ்வொரு முறை எழும்போதும் எந்த அமைப்புகளோடு எழுந்தேன் என்று டேட்டாபேஸ் தன் பதிவில் எழுதி வைக்கும். போன வாரம் எழுந்தபோது எழுதியது அப்படியே இருந்தது. அதைப் பார்த்து வரிவரியாகத் தட்டி புதுக் கோப்பு செய்தேன். எழுந்தது. இன்றைய மனிதர்கள் இன்றைய படுக்கைகளில் இருந்தார்கள்.

காலையில் புறநோயாளிப் பிரிவில் புதிதாகப் பதிந்தவர்கள் நகலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை எடுக்க வேண்டும். நகலை ஓரத்தில் இருந்த உபரிக் கணினிக்கு மாற்றி அங்கே ஓடவிட்டிருக்கிறேன். கண்காணிப்பாளர் டாக்டர் தேவசித்தத்திடம் சொன்னேன். திட்டவில்லை. "செவ்வாய்க்குள்ள மூடிரும்மா" என்றார்.

பதினான்காம் படுக்கையை நான் திறந்து பார்க்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. குவார்ட்டர்ஸ் கூரையில் புது ஒழுக்கு, கட்டில் காலடியில். வாளி வைத்திருக்கிறேன்.

நகலிலிருந்து புதுப் பதிவுகளை எடுத்து மாற்றும் வேலை மதியத்துக்குள் முடிந்தது. நினைத்ததைவிடக் கொஞ்சம்தான் இருந்தன.

மதியம் அம்மா கூப்பிட்டாள். பேசுவதற்காக வராந்தாவுக்கு வந்து நின்றேன்.

"மக்ளே, சாப்புட்டியா? அக்காளுக்க ஜெபம் வாற திங்கக்கெழம. ரெண்டு வருசம் ஆயிப்போச்சு பாத்துக்கோ. போதகர்ட்ட சொல்லியாச்சு. நீ எப்பம் வாற?"

"இங்க சிஸ்டம் பிரச்சினைம்மா. பாத்துச் சொல்லுதேன்."

"போன வருசமும் இதத்தான் சொன்ன. அந்தக் குளிருக்குள்ள அப்பிடி என்ன இருக்கு ஒனக்கு? நாரோயில்ல இல்லாத கம்ப்யூட்டரா?"

சிக்னல் போய்விட்டது என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

மூன்று மணிபோல வரவேற்பிலிருந்து ஒரு பெரியவரை என்னிடம் அனுப்பினார்கள். நனைந்த மழைக்கோட்டு, கையில் தொப்பி. பெயர் கந்தையா. டீ எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெம்பட்டிக்குக் கீழே எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். போனை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன குறுஞ்செய்தி. வேலாயி அவர்களுக்கு நாளை ரத்தப் பரிசோதனை, உடன் இருப்பவர் தவறாமல் வரவும்.

நகல் எழுந்த வேகத்தில் தன் வேலையைச் செய்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். பழைய தகவல், கணினிக் கோளாறு என்று விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"தெரியும்மா. நாந்தானே மண்ணு போட்டேன். கோளாறுன்னு எனக்கும் தெரியும்." தொப்பியை உதறினார். "ஆனா வரச்சொல்லி வந்திருக்கில்ல. வராம எப்படி இருக்கிறது."

உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். குடித்துவிட்டு, "அதுல அவ பேரு இருக்காம்மா?" என்றார்.

காட்டியிருக்கக் கூடாது. உபரிக் கணினியைத் திருப்பிக் காட்டினேன். வேலாயி, வயது 61, படுக்கை 6. அவருக்குப் படிக்க வரவில்லை, என்னைப் படிக்கச் சொன்னார். வெப்பநிலை, நாடி, ரத்தச் சர்க்கரை. உணவு என்ற கட்டத்தில் 'பாதி' என்று இருந்தது.

"எப்பவும் பாதிதான்" என்றார். "மீதிய எனக்குத் தள்ளி வச்சிருவா."

குறுஞ்செய்தி போகும் வழியை அவர் போனதும் துண்டித்தேன். இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டர் கேட்டார், "அந்தப் பழசு மூடியாச்சா?" ஒரு தடவை சரிபார்த்துவிட்டு மூடுகிறேன் என்றேன். தலையாட்டினார்.

கந்தையா மறுபடி வந்தார். இந்தப் பக்கம் ரேஷன் கடைக்கு வந்தேன் என்றார். ரேஷன் கடை இருப்பது மலையின் அந்தப் பக்கம்.

"இன்னைக்கு எப்படி இருக்கா?"

பழைய வரிதான் இருக்கும் என்று சொல்ல நினைத்துத் திறந்தேன். புது வரி இருந்தது. இன்றைய தேதி. வெப்பநிலை சரி, நாடி சரி, உணவு: பாதி.

அவர் என் முகத்தைப் பார்த்தார். படித்துச் சொன்னேன்.

"கொஞ்சம் தெம்பா சாப்புட்டா நல்லாருக்கும்" என்றார். எழுந்து கதவு வரை போய், "யாரும்மா கூட இருந்து பாக்கிறது?" என்றார்.

நர்ஸுகள் என்றேன்.

பயிற்சிக்காக எடுத்த நகல் அல்லவா. தானாகவே எண்களைப் போட்டுக்கொள்ளும்படி ஸ்டீபன் ஏதாவது சின்ன நிரல் எழுதியிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

14-ஐத் திறந்தேன். மற்ற படுக்கைகளையும்தான் திறந்தேன். எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும் அல்லவா. பெர்சிஸ், வயது 34, ஆசிரியை. இன்றைய தேதியில் ஒரு வரி. வெப்பநிலை 98.4.

அந்த ஜூலையில் 98.4 ஒரு நாள்கூட இருந்ததில்லை.

ஜூலை 10, புதன்

நஜீப் மேட்டுப்பாளையத்துப் பையன், கெட்டிக்காரன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நகலில் தானாகப் பதியும் நிரல் எங்கே இருக்கிறது, தேடிப் பார் என்று காலையில் அவனிடம் சொல்லியிருந்தேன். மதியம் வந்து நின்றான்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க மேடம். முழுசும் பாத்துட்டேனுங்க."

"அப்ப எப்படி வரி வருது?"

"கையால போட்டதுங்க." தரையைப் பார்த்தான். "லாகின் பேரும் வருதுங்களே."

"யாரோடது?"

"உங்களுதுங்க மேடம்."

பாஸ்வேர்டு யாருக்கோ தெரிந்திருக்கிறது என்றேன். அவன் ஆமாங்க என்றான். மாற்றிவிடச் சொல்லிவிட்டுப் போனான். மாற்றினேன்.

எல்லாப் படுக்கைக்கும் வரி இல்லை. ஆறுக்கும் பதினான்குக்கும் மட்டும்தான் இருக்கிறது. இதை அவன் சொல்லவில்லை. அவன் கவனித்திருப்பான்.

மாலையில் துணி எடுக்கப் போனேன். இரண்டு நாளாகக் கொடியில் கிடந்தும் ஈரம் போகவில்லை. அறைக்குள் நாற்காலியில் விரித்துப் போட்டேன். இரண்டு கைகளையும் தொங்கவிட்டு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

மழை. 14: 98.4. நாடி 76. நன்றாகத் தூங்கினார் என்று குறிப்பில் இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

கந்தையா இன்று சீக்கிரமாகவே வந்துவிட்டார். சலவை செய்த சட்டை. என் மேசையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்தார். எனக்கா, வேறு யாருக்காவதா என்று நான் கேட்கவில்லை.

வேலாயியின் பக்கத்தைத் திறந்தேன். உணவு: முழுதும்.

படித்துச் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "மீதி வைக்கலையா" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் லிங்கம்மா சிஸ்டர் வந்தார். அவர் இந்த அறைக்கு வந்ததே இல்லை. ஈயக்கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். கையில் ஒரு மருந்துச் சீட்டு.

"இது எங்க வார்டு பிரிண்டர்ல வந்துச்சு. ஆறாம் பெட், சாப்பாட்டுக்கு இன்சுலின். அளவைப் பாரு."

பார்த்தேன்.

"ஆறுல இப்ப இருக்கிறது ஷகிலா. முந்தாநாள் குழந்தை பொறந்த பொண்ணு. ட்ரெயினிங் புள்ள சீட்டுல பெட் நம்பரை மட்டும் பாத்துட்டு ஊசில ஏத்திட்டா. ஷகிலா கையப் பின்னால இழுத்துக்கிட்டு, எனக்குச் சுகர் இல்லையேன்னு சொன்னாளாம். அந்தப் புள்ள என்கிட்ட ஓடி வந்தா."

முழுதும் சாப்பிட்டார் என்று பதிந்தால் சர்க்கரை நோயாளிக்கு மருந்துச் சீட்டு தானாக அச்சாகும். நகலுக்குள்ளும் வார்டு பிரிண்டரின் முகவரி இருந்திருக்கிறது. குறுஞ்செய்தியைத் துண்டித்தேனே தவிர பிரிண்டரைத் துண்டிக்க எனக்குத் தோன்றவில்லை.

"ஷகிலாவுக்கு ஒண்ணும் ஆகலையே சிஸ்டர்?"

"ஆகல. குழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருக்கா." அவர் உபரிக் கணினியைப் பார்த்தார். "இதானா அது?"

நான் மறைக்கவில்லை. அவரே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மவுஸைப் பிடித்து மெதுவாகப் பட்டியலைக் கீழே இறக்கினார். ஒவ்வொரு பெயரிலும் நின்றார். பதினான்கில் நின்றார்.

"உங்க அக்கா."

"ம்."

"உனக்கு நினைவிருக்கும், அவங்க தவறின அன்னைக்கு டூட்டில நான்தான் இருந்தேன். நீ கேன்டீனுக்குப் போயிருந்த. பிளாஸ்க்கை எடுத்துட்டுப் போயிருந்த." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து நல்லாத் தூங்கினார்னு போட்டிருக்கே. யார் போட்டது?"

அவர் கொஞ்ச நேரம் என் தலையில் கையை வைத்திருந்தார். அந்தக் கை குளிர்ந்து போயிருந்தது. வார்டில் கை கழுவிக் கழுவி அப்படி ஆகியிருக்கும்.

"மூடிரும்மா" என்றார். "மேல இருக்கிறவங்களுக்குச் சேர வேண்டியது கீழ இருக்கிறவங்க உடம்புல ஏறக் கூடாது."

பிரிண்டரைத் துண்டித்தேன். டாக்டரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். திங்கட்கிழமை விசாரிப்போம் என்றார். ஷகிலாவைப் போய்ப் பார்த்தேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. குழந்தையைப் பார்க்க வந்த யாரோ என்று நினைத்துத் துணியை விலக்கி முகத்தைக் காட்டினாள்.

இன்றே மூடியிருக்கலாம். கந்தையாவிடம் சொல்லாமல் மூட மனம் வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 13, சனி

மழை விட்டது. பனி மட்டும் இறங்கி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

கந்தையா வந்தார். இன்றோடு இதை அணைக்கப்போகிறேன், இனிமேல் பார்க்க முடியாது என்றேன். ஷகிலாவுக்கு நேர இருந்ததையும் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் அதில் வேலாயியின் பெயர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

"அவளுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா" என்றார். "அந்தப் புள்ள பச்ச உடம்புக்காரி."

பிறகு கேட்டார், "அணைச்சா இவங்க எல்லாரும் என்னாவாங்க?"

"ஒண்ணும் ஆக மாட்டாங்க. அப்படியே இருப்பாங்க."

"படுத்தபடியேவா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அது வேணாம்மா. போன தடவ பின்வாசல்ல வச்சுக் குடுத்தாங்க. கையெழுத்து வாங்கிக்கிட்டு, வேனைக் கொண்டாங்கன்னாங்க. இந்தத் தடவ ஒழுங்கா டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

நான் வேலாயியின் பக்கத்தைத் திறந்தேன். விடுவிப்பு என்ற பொத்தான் கீழே இருக்கிறது. காரணம் கேட்டது: குணமடைந்தார், வேறு மருத்துவமனை, சொந்த விருப்பம், இறப்பு. அவரிடம் படித்துக் காட்டினேன். "சொந்த விருப்பம்னு போடுங்க. அவளுக்கு இங்க இருக்கப் புடிக்கவே இல்ல." உடன் செல்பவர் என்ற கட்டத்தில் கணவர் கந்தையா என்று தட்டினேன். அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். பிறகு வெளியே போனார். முன்வாசல் பக்கமாக.

மற்றவர்களையும் அனுப்பினேன். ஓபேது, சகாயமேரி, பிற வார்டுகளில் இருந்தவர்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு பெயரையும் படித்துவிட்டு அனுப்பினேன். உடன் செல்பவர் யாரென்று எனக்குத் தெரியாதவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அது கட்டாயமில்லை.

கடைசியாகப் பதினான்கு. காரணத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். குணமடைந்தார் என்று கொடுத்தேன். உடன் செல்பவர் கட்டத்தைத் தொடவில்லை.

அணைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். இதில் வகைகள் உண்டு. உள்ளே இருப்பவர்களை வெளியே தள்ளி உடனே மூடலாம். அல்லது புதிதாக யாரையும் விடாமல், இருப்பவர்கள் தாமாக வெளியேறும்வரை காத்திருந்து மூடலாம். யாரும் பொறுமையாக இருப்பதில்லை என்பதால் இரண்டாவதை யாரும் பயன்படுத்துவதில்லை. நான் அதைக் கொடுத்தேன்.

மூடவில்லை. காத்திருந்தது. யாரோ உள்ளே இருந்தார்கள்.

திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நிர்வாகியின் ஜன்னல்களை அது கணக்கில் சேர்க்காது. அவை போக ஒரே ஒரு இணைப்பு. என் லாகின். எந்த இயந்திரத்திலிருந்து என்று போட்டிருந்தது: எனக்கு மருத்துவமனை கொடுத்த லேப்டாப். அது குவார்ட்டர்ஸில் இருக்கிறது.

பனிக்குள் நடந்து போனேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. வாளி நிரம்பித் தரையில் வழிந்திருந்தது. லேப்டாப் கட்டிலில் போர்வைக்குள் இருந்தது. அங்கே வைத்த நினைவு எனக்கு உண்டு. திறந்தேன். சார்ஜ் தீர்ந்து அணைந்து போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.

சரி, அணைந்தபிறகும் இணைப்பு சிறிது நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இந்தத் தொழிலில் எல்லோரும் பார்த்தது. தரையைத் துடைத்துவிட்டு மெதுவாகத் திரும்பிப் போனேன். அதற்குள் போயிருக்கும்.

போகவில்லை.

நஜீப் எட்டிப் பார்த்தான். "வெட்டி விட்டுடலாங்களா மேடம்? ஒரு கட்டளைதானுங்களே."

"வேண்டாம். அதுவா போகட்டும்."

"யாருங்க உள்ள?"

"தெரியல."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வந்தவன், என்ன நினைத்தானோ, வெளியே போய்விட்டான். நான் காத்திருந்தேன். உபரிக் கணினியின் விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவர் பக்கத்தில் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்து எனக்குப் பழக்கம்தான். பேசக்கூட வேண்டியதில்லை. மூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஒருமுறை, பார்த்துவிடலாம் என்று நிர்வாகியின் ஜன்னல் வழியாகப் பதினான்கைத் திறந்தேன். விடுவிக்கப்பட்டார் என்று சாம்பல் நிறத்தில் இருந்தது. விடுவித்தபிறகு அந்தப் பக்கத்தில் யாராலும் எதையும் மாற்ற முடியாது. என்னாலும் முடியாது, மென்பொருள் அப்படி. உடன் செல்பவர் என்ற கட்டத்தைப் பார்த்தேன்.

தங்கை.

நான் தட்டவில்லை. மற்ற வரிகளைப் பற்றி, 98.4 பற்றி, தூக்கத்தைப் பற்றி எதையும் இங்கே மறுக்கப்போவதில்லை. நஜீபுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். ஆனால் இதை நான் எழுதவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் மறைந்தது. அடுத்த ஜன்னலில், டேட்டாபேஸ் மூடப்பட்டது என்று வந்திருந்தது. கடைசி ஆளும் எழுந்து போயிருக்கிறார்.

மின்சாரத்தை நிறுத்தினேன். விசிறி மெதுவாகி நின்றது. அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. உபரிக் கணினியின் வட்டை நஜீப் கழற்றி டாக்டரிடம் கொடுத்துவிட்டான். சரியான டேட்டாபேஸின் தொடக்கக் கோப்பைத் தினசரிப் பேக்கப்பில் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை விசாரணையை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டேன். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. "போயிட்டு வாம்மா" என்றார்.

அம்மாவுக்கு, நாளை கிளம்புகிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

ஜூலை 14, ஞாயிறு

கெம்பட்டியில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். இருவர் இருக்கை கிடைத்தது. ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். பனியில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. கையில் பையோடு ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து நின்று ஜன்னலோர இருக்கையைக் காட்டினார்.

"ஆள் இருக்காம்மா?"

இருக்கிறார் என்றேன்.